தைப்பூசத்துக்கு விட்டால் மாசி மகத்துக்கு

எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு. கடனை இழுத்தடித்தாலும் சரி, பல்வலியைப் பொறுத்துக்கொண்டு திரிந்தாலும் சரி, அம்மா அதைத்தான் எடுத்து விடுவார்: "தைப்பூசத்துக்கு விட்டா மாசி மகத்துக்கு வந்து நிக்கும்." பழமொழி என்றே நினைத்திருந்தேன். சுங்கை பட்டாணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், அது ஒரு கணக்கின் விடை என்று புரிந்தது. விடையைக் கண்டவர் அம்மாவின் அப்பா. கைநாட்டு வைப்பவர். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓடைகளுக்கு எண்ணெய் அடித்தவர்.

தாத்தா 1927-இல் ஒரு கங்காணியின் பின்னால் முசிறிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் இருந்துவிட்டு, கெடாவுக்கு வந்து சேர்ந்தார். பால்மரம் வெட்டத்தான் வந்தார். மூன்றாம் மாதமே குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கிப் போடும். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து நிற்க முடியாதவரைப் பார்த்து இரங்கிய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், "லேசான வேலை" என்று எண்ணெய் ஆட்களோடு சேர்த்துவிட்டார். முதுகில் எண்ணெய் டின்னும் கையில் பம்புக் குழாயுமாக, முழங்கால் சேற்றில் ஓடை ஓடையாக நடப்பதுதான் அந்த லேசான வேலை. சாகும்வரை அவர் வேட்டியில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை.

அவருக்குக் கொடுத்திருந்த விதி ஒன்றே ஒன்று. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு ஓடை, ஞாயிறு ஓய்வு, அடுத்த திங்கள் மறுபடியும் முதல் ஓடை. எந்த ஓடையும் ஏழு நாளுக்கு மேல் எண்ணெய் காணாமல் இருக்கக் கூடாது. எங்கள் சூட்டில் கொசு முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க எட்டு ஒன்பது நாள் ஆகும். மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய பிராணி அது. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் மூச்சுமுட்டிச் சாகும். ஏழு என்ற எண்ணுக்குள் இருந்த சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் தைப்பூசம் வந்தால் எண்ணெய் ஆட்கள் உட்பட தோட்டமே காவடியோடு கிளம்பிவிடும். மூன்று நாள் ஓடைகள் அனாதையாகும்.

அதன் பிறகு நடப்பதை இன்று என்னால் கரும்பலகையில் எழுத முடியும். தப்பிய புழு பறக்க இரண்டு மூன்று நாள். அது காய்ச்சல்காரரைக் கடித்து, கிருமி அதன் வயிற்றில் முதிர்ந்து எச்சிலுக்கு வந்து சேர பத்துப் பன்னிரண்டு நாள். அடுத்த ஆளைக் கடித்த பிறகு, அவருக்குக் குளிர் எடுக்க இன்னும் பத்து முதல் பதினாலு நாள். கூட்டிப் பாருங்கள், ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமி. தைப்பூசத்துக்கு விட்டது மாசி மகத்தை ஒட்டி லயத்து வாசலில் வந்து நிற்கும். தாத்தாவுக்கு ஒவ்வொரு பகுதியும் தெரியாது. மொத்தம் தெரிந்திருந்தது.

இதே கணக்கைக் காகிதத்தில் போட்டவர் ரொனால்ட் ராஸ். அல்மோராவில் பிறந்து, மதராஸ் ராஜதானியில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கொடுத்த நோயாளியின் பெயர் ஹுசைன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கொசுவைக் குறைத்தால் காய்ச்சல் குறையும் என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பவில்லை. லாகூரை அடுத்த மியான் மீர் ராணுவ முகாமில் குட்டைகளைத் தூர்த்துப் பார்த்துவிட்டு, பலன் இல்லை என்று கைவிரித்தார்கள். ஒரு குட்டையைத் தூர்த்தால் அடுத்த குட்டையிலிருந்து பறந்து வராதா, கடைசிக் கொசு வரைக்கும் யாரால் கொல்ல முடியும் என்பது அவர்கள் கேள்வி.

ராஸ் அதற்குக் கணக்கால் பதில் சொன்னார். 1907–08-இல் மொரீஷியஸுக்குப் போனார். அங்கும் கரும்புத் தோட்டங்களில் நம் ஆட்கள்தான். 1908-இல் வெளிவந்த அறிக்கையில் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொண்டார். கொசுக்களில் நாலில் ஒன்றுக்குத்தான் மனிதனைக் கடிக்க வாய்க்கும். கடித்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் கிருமி முதிரும் நாள்வரை உயிரோடு இருக்கும். அவற்றிலும் நாலில் ஒன்றுக்குத்தான் இன்னொரு மனிதன் கிடைப்பான். நாலு, மூன்று, நாலு: பெருக்கினால் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டில் ஒன்றுதான் காரியத்தை முடிக்கும். இதற்கிடையே காய்ச்சல்காரர்களில் சிலர் மாதாமாதம் தேறிக்கொண்டே வருகிறார்கள். ஒருவர் தேறுவதற்குள் இன்னொருவருக்காவது போய்ச் சேராவிட்டால் நோய் தானாகவே அவிந்துவிடும். ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 40 அனோபிலஸ் என்ற எல்லைக்குக் கீழே போனால் மலேரியா நிலைக்காது என்று விடை கண்டார். கடைசிக் கொசுவைத் துரத்த வேண்டியதில்லை. எல்லைக்குக் கீழே இறக்கி, அங்கேயே வைத்திருந்தால் போதும்.

சிறுவனாக இருந்தபோது தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன்: "எவ்வளவு எண்ணெய் அடிச்சாலும் கொசு இருக்கே தாத்தா?" வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எரியுறத இழுத்தா கொதிக்கிறது தானா அடங்கும்டா. தண்ணி ஊத்தணும்னு இல்ல." ராஸின் தேற்றத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆனால் அடுப்பில் எரிகிற விறகு எது? அங்கேதான் எங்கள் கெடா வருகிறது.

1909-இல் சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் பக்கம் வந்த மாநிலம் இது. மேற்கே கடலோரம் சதுப்பு. நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். கிழக்கே கூலிம், கோலக்கெட்டில், பாலிங் என்று மேடும் பள்ளமுமாக ஏறிப்போகும் மலையடிவாரம். எங்கள் பீடோங்குக்குப் பின்னால் குனோங் ஜெராய். காட்டை வெட்டி ரப்பர் நட்டது பெரும்பாலும் இந்த மேட்டு நிலத்தில்.

இந்தக் கதையின் இன்னொரு டாக்டரான மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானுக்கு வந்தார். அந்த ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் சில மாதங்களிலேயே காய்ச்சலால் மூடும் நிலைக்குப் போனது. வாட்சன் காட்டைத் திருத்தி, சதுப்பில் கான் வெட்டி நீரை வடித்தார். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1901-இல் 334 பேர், 1902-இல் 129, 1903-இல் 48. மியான் மீரில் தோற்றது கிள்ளானில் ஜெயித்தது. சரி, மருந்து கிடைத்துவிட்டது, காட்டை வெட்டு, கான் வெட்டு என்று எல்லோரும் மலைத் தோட்டங்களுக்கும் அதையே கொண்டுபோனார்கள். அங்கே காய்ச்சல் ஏறியது.

காரணம், கொசு வேறு. கடலோரக் காட்டுச் சதுப்பில் வளர்வது அனோபிலஸ் அம்ப்ரோசஸ். அது நிழல் விரும்பி. மரத்தை வெட்டி நீரை வடித்தால் ஒழியும். மலை ஓடைகளில் வளர்வது அனோபிலஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வெயில் வேண்டும், கண்ணாடிபோல் ஓடும் சுத்தமான நீர் வேண்டும். காடு மூடியிருந்தவரை மலையோடையில் அதற்கு இடமில்லை. ரப்பர் நட மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, மாக்குலேட்டஸ் குடியேறியது. நாம் குடிக்கத் தகுந்தது என்று நினைக்கும் தண்ணீர்தான் அது முட்டையிடத் தேடும் தண்ணீர். ஆகவே மலைத் தோட்டங்களில் வாட்சன் முறையை மாற்றினார்: பள்ளத்தாக்கு நீரைச் சுட்டமண் குழாய்களில் நிலத்துக்கு அடியிலேயே ஓடவிட்டார், அது முடியாத இடத்தில் எண்ணெய். பேராவின் கிரியான் நெல்வயல்களில் தண்ணீர் கடலாக நிற்க, காய்ச்சல் குறைவாக இருந்ததையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். தண்ணீரெல்லாம் குற்றவாளி அல்ல. ராஸின் சூத்திரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதில் போட வேண்டிய எண் ஓடைக்கு ஓடை வேறு. நெல்வயலைப் பார்த்துப் பயந்து மலையோடையைப் பார்த்து மகிழ்பவர் கையில் சூத்திரம் இருந்தும் பயனில்லை.

அந்த எண்களை எங்கிருந்து எடுத்தார்கள்? கொசுவை எண்ணுவது கஷ்டம். பிள்ளைகளை எண்ணுவது எளிது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே இறங்கும். மலாய்க்காரர்கள் மலேரியாவை டெமாம் கூரா என்பார்கள். கூரா என்றால் மண்ணீரல். நம் ஆட்கள் வயிற்றுக்கட்டி என்றார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்பதே அந்த லயத்தின் மலேரியா அளவு. மொரீஷியஸில் ராஸ் எடுத்ததும், மலாயாத் தோட்டங்களில் வாட்சன் எடுத்ததும் இந்தக் கணக்குதான்.

அம்மா அந்தக் கணக்கில் ஓர் எண். ஆயாக் கொட்டகைக்கு வெளியே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்களாம். வெள்ளைக்கார டாக்டர் குனிந்து, சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே விரலை அழுத்திப் பார்ப்பார். "அந்தக் கையி ஐஸ் மாதிரி இருக்கும்டா. சிரிப்பு வரும். சிரிச்சா வயிறு இறுகிடும், மறுபடி அமுக்குவாரு." டாக்டர் ஒரு சொல் சொல்வார், டிரசர் நோட்டில் எழுதுவார். அம்மாவுக்கு மூன்று விரற்கடை. பிறகு கொய்னாத் தண்ணீர். கசப்பில் துப்பாமல் இருக்க, வாயைத் திறந்து காட்டும்வரை ஆயா விடமாட்டாள்.

இனிச் சொல்வது எங்கள் குடும்பக் கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். 1930-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தது. ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். தாத்தா தங்கிவிட்டார். எண்ணெய் ஆட்கள் ஆறு பேர் நால்வரானார்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை என்பது பத்து நாளுக்கு ஒரு முறை ஆனது. தொரையின் கணக்குப்படி செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வேலை மூன்றே நாள் தள்ளிப் போகிறது, அவ்வளவுதானே!

கொசுவின் கணக்கு வேறு. எட்டு ஒன்பது நாளில் சிறகு முளைக்கும் பிராணிக்கு ஏழு நாள் என்றால் தூக்குக்கயிறு. பத்து நாள் என்றால் விடுதலைப் பத்திரம். எண்ணெய்ச் செலவைக் கொஞ்சம் குறைத்தால் காய்ச்சல் கொஞ்சம் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். எல்லை என்று ஒன்று இருக்கும் இடத்தில் அப்படி நடப்பதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தாண்டினால் லயமே படுக்கும். அந்த ஆண்டு அப்படித்தான் படுத்தது. அம்மாவின் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. தைப்பூசத்தில் மொட்டை போட்ட தலையில் முடி முளைக்கும் முன்னே போய்விட்டான். தாத்தா டிரசரிடம் போய், "ஏழு நாளுக்குப் பழையபடி வையுங்க டிரசரையா" என்று நின்றாராம். டிரசர் நல்லவர்தான். அவர் கையில் நோட்டு இருந்தது, எண்ணெய் இல்லை.

ராஸின் சமன்பாட்டில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய ஊரில் ஆயிரம் பேர் நிலையாக இருக்கிறார்கள். தோட்டத்தில் அப்படி இல்லை. பழைய ஆள் காய்ச்சலில் அடிபட்டு அடிபட்டு ஓரளவு தாங்கும் உடம்பைப் பெறுவான். அதற்குள் அவன் செத்திருப்பான், ஓடியிருப்பான் அல்லது ஊருக்குத் திரும்பியிருப்பான். அந்த இடத்துக்குக் கப்பல் புதிய ஆளைக் கொண்டுவரும். தீயணையும் நேரத்தில் ரஜூலா புது விறகு இறக்கும். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்றுப் போகும் கூலிப் பயணத்தைத் தடை செய்யும்வரை இந்த விறகு வரத்து நிற்கவில்லை.

பிறகு போர். 1941 டிசம்பரில் எங்கள் ஜித்ராவிலேயே சண்டை நடந்து, ஜப்பான்காரன் உள்ளே வந்தான். 1943-இல் கெடாவை மறுபடி சயாம் கையில் கொடுத்தான். ஓடைக்கு எண்ணெய் கிடையாது, வயிற்றுக்குச் சோறு கிடையாது, மரவள்ளிக்கிழங்கு. தாத்தாவின் டின் லயத்துத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. தோட்டத்து இளவட்டங்களைச் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றினார்கள். அங்கே மலேரியாவும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் தின்றது போக மிஞ்சியவர்கள் திரும்பினார்கள். ஒருவர் ரத்தத்தில் கிருமியோடு திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியார் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ரத்தத்தில் கிருமியை விரைவாகக் கண்டுபிடிக்க உலகமே பயன்படுத்திய சாயம் ஒன்று கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிறந்தது. 1940-களின் தொடக்கத்தில் ஜே. டபிள்யூ. ஃபீல்டு உருவாக்கிய அதற்கு அவர் பெயரே நிலைத்தது.

போருக்குப் பிறகு கணக்கு ஒரு படி ஏறியது. ஏற்றியவர் ஜார்ஜ் மக்டொனால்டு. ராஸ் கொசுவின் எண்ணிக்கையைப் பார்த்தார். மக்டொனால்டு கொசுவின் வயதைப் பார்த்தார். வகுப்பில் அடுக்குக் கணக்கு நடத்தும்போது நான் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். நூறு கொசு, நாளுக்குப் பத்து விழுக்காடு சாகிறது. கிருமி முதிரும் பத்தாம் நாளில் எத்தனை மிஞ்சும்? 35. நாளுக்கு இருபது விழுக்காடு செத்தால்? பதினொன்றுகூட இல்லை. பாதி பாதியாகச் செத்தால்? ஒன்றுகூட மிஞ்சாது. ஓடையில் புழுவைப் பாதியாக்கினால் கொசு பாதியாகும், அதோடு சரி. வீட்டுச் சுவரில் மருந்தடித்து, கடித்துவிட்டு வந்து உட்காரும் கிழட்டுக் கொசுவின் ஆயுளைக் கத்தரித்தால் பலன் பத்து அடுக்காகப் பெருகும். கடிக்கும் கொசு ஆபத்தானதல்ல. கடித்துவிட்டுப் பத்து நாள் வாழும் கொசுதான் ஆபத்தானது. டிடிடி-யை நம்பி உலகச் சுகாதார நிறுவனம் 1955-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த பலமான வாதங்களில் இது ஒன்று.

மலேசியாவின் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-இல் தொடங்கியபோது வடமேற்கு மூலையான எங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். டிடிடி ஆட்கள் வந்து, சட்டி பானையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி, சுவரெல்லாம் வெள்ளை படிய அடித்துவிட்டுப் போனார்கள். காய்ச்சல் என்றால் உடனே விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "செவுத்துல உக்காராத கொசுவ என்னடா பண்ணுவான்?"

தொழிலை இழந்த கிழவரின் பொறாமை என்று நினைத்தேன். ஆனால் மாக்குலேட்டஸ் அந்தி நேரத்தில் வெளியிலேயே கடிக்கவும் செய்யும், கடித்துவிட்டு வெளியே செடிகொடியில் போய்த் தங்கவும் செய்யும் என்று மலாயாவின் பூச்சியியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மக்டொனால்டின் அடுக்குக் கணக்கு சரிதான்; கொசு சுவருக்கு வந்தால். வராத கொசுவுக்காக ரத்தச் சோதனை, மாத்திரை, மறுபடியும் எண்ணெய் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மாத்திரையிலும் கிருமி முந்திக்கொண்டது. பலூட்ரினுக்கு அடங்காத மலேரியா 1949-இலேயே மலாயாவில் பதிவாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் குளோரோகுயினுக்கும் அடங்காதது வந்தது.

ஆனாலும் இறங்கியது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்று மலேசியா கணக்குக் காட்டுகிறது. இன்று இங்கே பிடிபடுவது பெரும்பாலும் குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி. காட்டில் குரங்கிடமிருந்து கொசு வழியாக நேராக மனிதனுக்கு வருவது. இங்கே ராஸின் ஆயிரம் பேர் ஊர் உதவாது. ஊரில் எல்லோரையும் குணப்படுத்தினாலும் விறகு காட்டுக்குள் இருக்கிறது.

தாத்தாவின் தோட்டம் இப்போது செம்பனை. லயத்துச் சனம் எல்லாம் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) இடம்பெயர்ந்து ஒரு தலைமுறை ஆகிறது. மலையோடையை விட்டு வந்தோம். பூச்சட்டித் தட்டுக்கு வந்தோம். அங்கே இருப்பது ஏடிஸ். 1902-இலேயே பினாங்கில் டிங்கி பதிவாகியிருக்கிறது. உயிர்குடிக்கும் ரத்தக்கசிவு டிங்கி 1962-இல் அதே பினாங்கில் வந்தது. 1975-இல் சட்டமே போட்டார்கள்: வீட்டில் புழு கண்டால் அபராதம்.

2020-இல் கோவிட் காலத்தில் சுகாதாரத் தலைமை இயக்குநர் தொலைக்காட்சியில் 'ஆர்' எண்ணைச் சொன்னார். ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு என்ற அந்த எண்ணைத் தொற்றுநோய்க் கணக்கில் ஊன்றியவர் மக்டொனால்டு; வேர் ராஸின் நாற்பத்தெட்டில் இருக்கிறது. அதற்கும் கீழே, ஆயாக் கொட்டகை வாசலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் வயிறு இருக்கிறது. வரைபடத்தில் அது தெரிவதில்லை.

சென்ற தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் சந்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த பிளாஸ்டிக் குவளைகள் புல்லுக்குள் நிமிர்ந்து கிடந்தன. இரவு பெய்த மழையில் பாதி நிறைந்திருந்தன. மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். ஏடிஸ் பறக்க ஒரு வாரம், வைரஸ் முதிரப் பத்து நாள், காய்ச்சல் காண இன்னொரு வாரம். மாசி மகத்துக்குச் சரியாக வந்து சேரும்.

குனிந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். எதிர்வீட்டுப் பையன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன சார் தேடுறீங்க?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீயும் வா, சொல்றேன்" என்றேன். "ஏழு நாளுக்கு ஒரு தடவை. பத்து இல்ல."